சாப்பாட்டு வரிசையில் ஒரு பிணம்

“இந்த ஆளு செத்துட்டான் இல்ல?” என்றார் எடிட்டர்.

அசோசியேட் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தூங்குவது மரியாதை இல்லைதான். ஆனால் எந்தக் கிழமையில் தூங்குகிறோம் என்று பார்க்கும் நிலையை அவர் தாண்டிப் பல வாரம் ஆகிவிட்டது.

“யாரு செத்தது?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“நாலாவது சீன்ல ஹீரோ அடிச்சுக் கொன்னானே, அந்த ஆளு. முப்பத்தொண்ணாவது சீன்ல ஜெயில் சாப்பாட்டு வரிசையில தட்டோட நிக்கறான். ஹீரோவுக்கு நேர் பின்னால.”

அசோசியேட் கண்ணைத் திறந்தார். எதிரே இரண்டு திரைகள். இடது பக்கத்தில் ஒரு மதில் சுவரின் ஓரம், வாய் பிளந்து, கண் திறந்து, ஒரு மனிதன் செத்துக் கிடந்தான். வலது பக்கத்தில் ஹீரோ அலுமினியத் தட்டோடு நிற்க, அவன் கண்ணீர் ஒரு சொட்டாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் அதே ஒட்டிய கன்னம், அதே விரிந்த காது, தன் முறைக்குப் பொறுமையாகக் காத்திருந்தது.

“சாவறப்ப பசியோட போயிருப்பான் போல,” என்றார் எடிட்டர். அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பதில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

அவர்கள் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது ‘இரும்புக்குள் ஈரம்’ என்ற டெலிஃபிலிம். நீதி, மன்னிப்பு இரண்டையும் பற்றியது என்று சேனலின் விளம்பரம் சொன்னது. சுவர்த் தகராறில் பக்கத்து வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டு ஹீரோ ஜெயிலுக்குப் போகிறான். செத்தவனின் அம்மா மாதம் ஒருமுறை ஜெயிலுக்கு வந்து அவனைப் பார்க்கிறாள். கடைசியில் மன்னிக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேனலில் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு.

“செத்தவன் உயிரோட இருக்கான்னா, இவனை எதுக்கு உள்ளே வச்சிருக்காங்க?” என்று எடிட்டர் கேட்டார். “அந்தம்மா எதை மன்னிக்குது?”

கொலைக் காட்சியை எடுத்த அன்று அசோசியேட் அங்கே இல்லை. ஜெயில் செட்டில் பெயின்ட் காய்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். ஜெயில் காட்சி எடுத்த அன்று துணை நடிகர் ஏஜென்ட் இருபது பேரை அனுப்பியிருந்தார். அந்த இருபது பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்து, “உங்க முகத்துல ஒரு களை இருக்கு, நீங்க முன்னாடி வாங்க” என்று ஒருவரைப் பிடித்து ஹீரோவுக்குப் பின்னால் நிறுத்தியவர் சாட்சாத் இவரே. முன்னால் வந்த முகம் பின்னால் வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர் கன்டின்யூட்டி. அதற்குப் பொறுப்பும் இவரே. ஆக, குற்றம் ஒன்று, குற்றவாளியும் ஒருவர்.

அவர் பதினோரு வருஷமாக அசோசியேட். “இந்த ஒண்ணு தப்பில்லாம முடியட்டும், அடுத்ததை நீ டைரக்ட் பண்ண சேனல்ல சொல்றேன்” என்று டைரக்டர் இதற்கு முன் நான்கு முறை சொல்லியிருக்கிறார். இந்த முறை சேனலின் அதிகாரி அம்மாவை வைத்துக்கொண்டு சொன்னார் என்பதுதான் வித்தியாசம். ஒரு சாட்சி இருந்தது.

இத்தனை வருஷமும் அவர் பெயர் படத்தின் கடைசியில், பத்துப் பேரோடு பதினோராவதாக, கீழிருந்து மேலே ஓடும். இரண்டே விநாடி. அவருடைய மாமனார் அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி மூக்கில் ஏறுவதற்குள் பெயர் கூரையில் ஏறிவிடும். முன்பெல்லாம் மனைவி தன் அப்பாவுக்குப் போன் செய்து, “இன்னைக்கு இவர் பேர் வருதுப்பா, பாருங்க” என்பாள். போன இரண்டு படமாகச் சொல்வதில்லை. அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“அந்த ஷாட்டைத் தூக்கிடு,” என்றார்.

“தூக்கலாம். பன்னெண்டு டேக் எடுத்து, ஒரு டஜன் தடவை கிளிசரின் போட்டு, கடைசில ஒரே ஒரு சொட்டு தட்டுல விழுந்த ஷாட் இது. டைரக்டர் இதைத்தான் செல்போன்ல வச்சுக்கிட்டு எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்காரு. தூக்கட்டுமா?”

தூக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. மறுபடி எடுக்கவும் வழியில்லை. ஹீரோ வேறு படத்துக்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு எங்கோ ஒரு தீவுக்குப் போயிருந்தான்.

“அந்த மூஞ்சியை மட்டும் கலங்கலாக்கு.”

எடிட்டர் கலங்கலாக்கினார். ஓட்டிப் பார்த்தார்கள். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவர் முகம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பார்க்கிற கண் ஹீரோவை விட்டுவிட்டு நேரே அங்கேதான் போயிற்று.

“அந்த ஆளு சட்டை போடலையோன்னு சந்தேகம் வருது,” என்றார் எடிட்டர்.

அடுத்து, மாடியிலிருந்து கிராஃபிக்ஸ்காரரைக் கூப்பிட்டார்கள். ஒரு மீசை வைத்தால் ஆள் மாறிவிடுவார் என்பது அசோசியேட்டின் எண்ணம். கிராஃபிக்ஸ்காரர் இரண்டு மணி நேரம் உழைத்து ஒரு தடித்த மீசை வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஷாட்டின் நடுவில் அந்த ஆள் தலையைத் திருப்பினார், மீசை திரும்பவில்லை. அது அப்படியே நகர்ந்து ஹீரோவின் காதோரம் கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு மறுபடியும் உடையவரிடம் போயிற்று.

“நாளைக்குள்ள சரி பண்ண முடியுமா?”

“அடுத்த மாசம்னா பண்ணலாம் சார்,” என்று சொல்லிவிட்டுக் கிராஃபிக்ஸ்காரர் சாப்பிடப் போனார்.

எடிட்டர் முதுகை நிமிர்த்திச் சோம்பல் முறித்தார். “அண்ணன் தம்பின்னு சொல்லிடுவோமா?”

தொலைக்காட்சியில் எல்லா வியாதிக்கும் கொடுக்கப்படும் பழைய மருந்து அது. அசோசியேட்டுக்கு அதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் மணி ஒன்றாகியிருந்தது, வேறு மருந்தும் கைவசம் இல்லை. வரிசையில் நிற்கும் யாரோ ஒரு கைதி பேசுவதுபோல் எடிட்டரே மைக்கில் குரலை மாற்றிப் பேசினார். “பின்னாடி நிக்கறது யாரு தெரியுமா? செத்துப்போனானே, அவனோட அண்ணன். உரிச்சு வச்ச மாதிரி இருக்கான் பாரு.”

போட்டுப் பார்த்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. அசோசியேட் காலையிலிருந்து முதல் முறையாக முழு மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடிவதற்குள் எடிட்டர் கடைசிக் காட்சியை ஓட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஹீரோ, இந்தப் பக்கம் அம்மா. அம்மா சொன்னாள்: “எனக்கு இருந்தது ஒரே புள்ள. அவனையும் நீ எடுத்துக்கிட்ட.”

எடிட்டர் படத்தை நிறுத்தினார்.

“அம்மாவை டப்பிங்குக்குக் கூப்பிடு,” என்றார் அசோசியேட்.

அம்மாவாக நடித்தவர் பெரிய நடிகை. இருநூறு நாடகத்தில் அம்மாவாக இருந்தவர். இதுவரை நாற்பது கொலைகாரர்களையாவது மன்னித்திருப்பார். மூன்று மணிக்குத் தொண்டைக்கு வெந்நீர் பிளாஸ்கோடு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார்.

“ஒண்ணுமில்லம்மா, ஒரு சின்ன மாத்தம். ‘எனக்கு இருந்தது ஒரே புள்ள’ன்னு இருக்கு. அதுல ‘ஒரே’ வேண்டாம்.”

“அப்புறம் எப்படிச் சொல்றது? ‘எனக்கு இருந்தது புள்ள’ன்னா?”

“‘எனக்கு இருந்த புள்ளைங்கள்ல ஒண்ணு’ன்னு சொல்லலாம்.”

“கூடையில இருந்த காயாப்பா அது? ஒண்ணு போச்சுன்னு சொல்றதுக்கு?” என்றார் அம்மா. “திடீர்னு இன்னொரு புள்ள எங்கேருந்து வந்தான்?”

அசோசியேட் அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டினார். அம்மா முக்காடு போட்டுக்கொள்வதுபோல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“இவனா என் மூத்த புள்ள? என்னைவிட மூணு வயசு பெரியவன் மாதிரி இருக்கான். சரி, போகட்டும். இவன் எதுக்கு உள்ளே இருக்கான்?”

அதை அசோசியேட் யோசித்திருக்கவில்லை. “சின்னத் திருட்டும்மா.”

“என்ன திருடினான்?”

“சைக்கிள்.”

“சைக்கிள் திருடினான்னு சொந்தப் புள்ளைய ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கல. அவன் தட்டோட நிக்கறான். நான் அவன் தலைக்கு மேல எட்டிப் பார்த்து, அவன் தம்பியைக் கொன்னவனைக் கூப்பிட்டுப் பழம் கொடுக்கறேன். சைக்கிளை மன்னிக்கல, கொலையை மன்னிச்சுட்டேன். அப்படித்தானே தம்பி?”

“யாரும் அவ்வளவு தூரம் யோசிக்க மாட்டாங்கம்மா.”

“நான் யோசிச்சுட்டேனே,” என்று சொல்லிவிட்டு அம்மா பிளாஸ்கை மூடினார். “முப்பது வருஷமா அம்மாவா இருக்கேன். புள்ளைக்குப் புள்ள ஓரவஞ்சனை பண்ற அம்மாவா நான் நடிச்சதில்ல. உங்க டைரக்டரைக் கூப்பிடு. நான் பேசிக்கறேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க அசோசியேட்டால் முடியவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய களைப்பாக இருந்தது.

டைரக்டர் நாலரை மணிக்கு வந்தார். கோபம் வந்தால் அவர் முதலில் தொப்பியைக் கழற்றுவார். தொப்பி கழன்றது. அசோசியேட் சுவரோரமாக நின்று நடந்ததைச் சொன்னார். டைரக்டர் அந்த ஷாட்டை மூன்று தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். எடிட்டர் பேசிய வசனத்தையும் கேட்டார். பிறகு தொப்பியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“வேணும்னேதான் வச்சியா?”

அசோசியேட் வாயைத் திறந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார். டைரக்டர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“கூடப்பிறந்தவன். அதே ஜெயில்ல. தம்பியைக் கொன்னவனுக்குப் பின்னாடி தினமும் சோத்துக்கு நிக்கறான். மன்னிப்பானா, கழுத்தைப் பிடிப்பானா? யோவ், இதுதான்யா கதை. அம்மா வந்து மன்னிக்கறதையெல்லாம் யார் வேணா எழுதலாம்.”

“நான் இங்கதான் நிக்கறேன்,” என்றார் அம்மா.

“நீங்க அவனையும் போய்ப் பார்க்கற மாதிரி ரெண்டு வரி டப்பிங்ல போட்டுக்கலாம்மா. நாளைக்குக் காலைல ஒரு சீன் எடுக்கறோம். அண்ணன்காரனும் ஹீரோவும். தம்பி போட்டோவைப் பார்க்கறான், கொதிக்கறான், சட்டையைப் பிடிக்கறான், உடைஞ்சு அழுது மன்னிக்கறான்.” அசோசியேட்டின் தோளில் கை வைத்துக் குரலைத் தணித்தார். “சீன் நல்லா வந்தா இது நம்ம கதை. வரலன்னா, செத்தவன் எப்படி வரிசையில நின்னான்னு சேனல்ல கேட்பாங்க. யார் நிக்க வச்சதுன்னு நான் மறைக்க மாட்டேன்.”

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவையாவது முடிஞ்சுதா?”

“நாளைக்கு ஒரு சீன் பாக்கி.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஒண்ணு நான் டைரக்டர், இல்ல வீட்டுல இருப்பேன்.”

“வீட்டுல இருந்தாலும் பரவாயில்ல,” என்றாள் அவள். “தூங்குவீங்க.” அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவருக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் ஜெயில் இல்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் அதை வங்கியாக மாற்றிவிட்டது. கம்பிகளை அறுத்துக் காசாளர் கூண்டு செய்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வேறொரு தொடருக்காக அங்கே கொள்ளை நடக்கவிருந்தது. அதற்குள் முடித்துக்கொள்வதானால் ஒரு மூலையைத் தருகிறேன் என்றார் ஆர்ட் டைரக்டர். காசாளர் கூண்டே சிறைக் கம்பியாயிற்று. பின்சுவரில் இருந்த வட்டி விவரப் பலகைக்கு ஒரு கைதிக் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். ஹீரோ தீவில் இருந்ததால் லைட்மேனுக்கு ஹீரோவின் சட்டையை மாட்டி முதுகைக் காட்டி நிற்கவைத்தார்கள்.

சாப்பாட்டு வரிசையில் நின்ற அந்த வரிசைக்காரர் எட்டரைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காமிரா முன்னால் இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அசோசியேட் அவரை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணே, அந்தக் கொலை சீன் இருக்குல்ல, நாலாவது சீன். அதைப் பத்தி இங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. சேனல் வரைக்கும் போயிடும்.”

“அந்த சீன்ல நான் வந்து—”

“எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன். இப்ப நீங்க அந்த செத்தவனோட அண்ணன். புரிஞ்சுதா?”

“அண்ணன்தான் சார்,” என்றார் அவர் அமைதியாக.

இவ்வளவு சீக்கிரம் பாத்திரத்துக்குள் நுழையும் ஒரு நடிகரை அசோசியேட் பார்த்ததில்லை. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நாலாவது காட்சியிலிருந்து பிணத்தின் முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு போட்டோ அச்சடித்திருந்தார்கள். டைரக்டர் அதை வரிசைக்காரர் கையில் கொடுத்தார். அவர் வெளிச்சத்துக்குத் திருப்பி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“இவனைத்தான் இவரு கொன்னாரா?” என்றார், லைட்மேனின் முதுகைக் காட்டி.

“ஆமா.”

“எதால சார்?”

“மண்வெட்டிப் பிடியால.”

“ஒரே அடியா?”

“மூணு.”

“மூணு,” என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “எதுக்காக?”

“சுவர்த் தகராறு. எல்லையைத் தாண்டி அரை அடி உள்ளே தள்ளிச் சுவர் கட்டிட்டான்.”

“செய்யக்கூடியவன்தான்,” என்றார் வரிசைக்காரர்.

டைரக்டர் அசோசியேட்டின் விலாவில் இடித்தார். “கேரக்டரை எப்படி உள்ளே இழுக்கறான் பாரு. இத்தனை நாள் எங்கய்யா வச்சிருந்த இவனை?”

அந்த மகிழ்ச்சி முதல் டேக் வரைக்கும் நீடித்தது.

வரிசைக்காரர் போட்டோவைப் பார்த்தார். லைட்மேனின் சட்டைக் காலரைப் பிடித்தார். மடிந்திருந்த காலரை நீவி நேராக்கிவிட்டார்.

“கட். கோபம் வரணுங்க. உங்க தம்பியைக் கொன்னவன் இவன்.”

“தெரியுது சார்.”

இரண்டாவது டேக்கில் பிடித்து உலுக்கச் சொன்னார்கள். அவர் லைட்மேனின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். மூன்றாவதில் முறைக்கச் சொன்னார்கள். விளக்கின் முன்னால் அவரால் கண்ணை இமைக்காமல் வைத்திருக்க முடியவில்லை.

“என்னங்க இது, அன்னைக்கு நாற்பது விநாடி கண்ணைத் திறந்துக்கிட்டுக் கல்லு மாதிரி கிடந்தீங்க. இன்னைக்கு என்ன ஆச்சு?” என்றார் டைரக்டர்.

வரிசைக்காரர் அசோசியேட்டைப் பார்த்தார். அசோசியேட் உதட்டில் விரலை வைத்தார்.

“எனக்கு அதெல்லாம் வராது சார்,” என்றார் அவர் பொதுவாக.

ஐந்தாவது டேக்குக்கு முன்னால் டைரக்டரே நடித்துக் காட்டினார். போட்டோவைப் பார்த்துக் கதறி, பாய்ந்து, லைட்மேனின் சட்டையைப் பற்றி இழுத்ததில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன. லைட்மேன் தனக்கு இது வேலையில்லை என்று முணுமுணுத்தார். பொத்தான்களைத் தேடி எடுத்துத் தைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆறாவது டேக்கிலும் ஏழாவது டேக்கிலும் வரிசைக்காரரின் முகத்தில் கோபத்தின் சாயல்கூட வரவில்லை. போதாததற்கு, போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் கொஞ்சம் தெளிந்துகொண்டே வந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, துப்பாக்கிகளோடு சுவரோரமாக வரிசையாய் உட்கார்ந்தார்கள். இரண்டு வரி டப்பிங் பேச வந்திருந்த அம்மாவும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆர்ட் டைரக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். ஆனால் கத்துவதற்கு அவரிடமும் எதுவும் மிச்சமில்லை. “உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பண்ணுங்க சாமி,” என்று சொல்லிவிட்டுப் போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். அசோசியேட் கண்ணை மூடிக்கொண்டார். நாளைக்கு ஐந்து மணிக்குத் தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆச்சரியமாக, அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

வரிசைக்காரர் போட்டோவை ஒருமுறை பார்த்தார். அதைக் குப்புறத் திருப்பி மெதுவாகத் தரையில் வைத்தார். எழுந்து போய் லைட்மேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க,” என்றார். “சத்தியமா இல்ல. நீங்க அதையே நெனச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருக்காதீங்க. நல்லா சாப்பிடுங்க. நல்லா தூங்குங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

பிறகு சிரித்தார். பல வருஷமாக முதுகில் இருந்த மூட்டையை ஒருவர் இறக்கி வைத்துவிட்டால் எப்படிச் சிரிப்பாரோ, அப்படி.

யாரும் கட் சொல்லவில்லை. லைட்மேனின் தோள்கள் குலுங்கின. அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ, நிஜமாகவே அழுதார், அது பின்னாலிருந்து பார்க்க ஹீரோ அழுவதுபோலவே இருந்தது. கொள்ளைக்காரர்களில் ஒருவர் முகமூடியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “நாற்பது பேரை மன்னிச்சிருக்கேன். ஒருத்தனைக்கூட நான் இப்படி மன்னிச்சதில்ல,” என்றார்.

டைரக்டர் மேல் பதினோரு வருஷமாக அசோசியேட்டுக்கு ஒரு கசப்பு இருந்தது. அந்தக் கணத்தில் தேடிப் பார்த்தார், அது அங்கே இல்லை. போகட்டும், இவரும் பாவம், இவரும் தூங்குவதில்லை என்று தோன்றியது. டைரக்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நாலு ஐம்பதுக்குப் படம் சேனலுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. அந்தக் காட்சி வந்தபோது மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். அது முடிந்த பிறகும் வெகுநேரம் மடிக்கவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடின. அவர் பெயர் பதினோராவதாக வந்து இரண்டு விநாடியில் மேலே போயிற்று. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.

திங்கட்கிழமை சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மா மேஜையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். “எல்லாரும் அந்த அண்ணனைப் பத்தித்தான் கேட்கறாங்க. அந்த முகம், அந்தச் சிரிப்பு. எங்க மேலதிகாரி, சண்டை போட்டுப் பேசாம இருந்த தன் பங்காளியோட பேசப் போறேன்னு கிளம்பிட்டாரு. இது யாரோட யோசனை?”

செத்தவன் முகமும் அண்ணன் முகமும் எப்படி அவ்வளவு அச்சாக இருக்கிறது என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டால் என்னாவது என்று டைரக்டர் ஒரு கணம் யோசித்தார். “இவனோடதுதான்,” என்று அசோசியேட்டைக் கைகாட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அப்படித்தான் வந்தது.

“அப்ப அடுத்ததை நீங்களே டைரக்ட் பண்ணுங்க,” என்றார் அதிகாரி அம்மா. “அந்த மனுஷனை வச்சே பண்ணுங்க. மன்னிக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷன், அவ்வளவுதான் கதை. அவர் இல்லன்னா வேண்டாம்.”

அசோசியேட் வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். “பேரு தனியா வருமா?” என்று கேட்டாள் அவள்.

“தனியா. நாலு விநாடி.”

“இருங்க, அப்பாகிட்டச் சொல்லிட்டு வரேன்,” என்று வைத்துவிட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. அவர் அந்த நடைபாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

செவ்வாய்க்கிழமை வரிசைக்காரரைத் தேடிக்கொண்டு போனார். அவர் ஒரு ரயில் நிலைய செட்டில் டிக்கெட் வரிசையில் ஏழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். இடைவேளையில் இருவரும் ஒரு பொய் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்தார்கள். அசோசியேட் விஷயத்தைச் சொன்னார். கதாநாயகன் நீங்கதான் என்றார். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, நிஜமா சார் என்று இரண்டு முறை கேட்டார்.

“நிஜம்தான் அண்ணே. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். முழுப் படத்தையும் அதை வச்சுத்தான் எடுக்கணும். அந்த சீன்ல அவ்வளவு சாந்தம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு? மனசுல என்ன நெனச்சீங்க?”

“ஒண்ணும் நெனைக்கல சார். அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அவ்வளவுதான்.”

“உங்க போட்டோவை நீங்களே பார்த்து எப்படி அண்ணே?”

“என் போட்டோ இல்ல சார். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் பேசாதீங்கன்னுட்டீங்க. அன்னைக்குப் பிணமாப் படுத்தது என் தம்பி. ரெட்டைப் புள்ளைங்க நாங்க, அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன. அப்பா வீட்டை அவன் பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டு, நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து என் பொண்டாட்டி புள்ளைய வெளியே நிறுத்தினவன். பதினாலு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. ஏஜென்ட்டுகூட எங்களை ஒரே நாள் அனுப்ப மாட்டாரு.”

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். போட்டோவைப் பார்த்தபோது வந்த அதே தெளிவு அவர் முகத்தில் மெல்லப் பரவியது.

“அவனைக் கொன்னவர் மேல எனக்கு எப்படி சார் கோபம் வரும்?”